இன்டர்கூலருக்குப் போட்ட மாலை

எனக்குப் பதற்றம் வந்தால் கை நடுங்காது, நாக்கு குழறாது. மரியாதை கூடிவிடும். மற்ற நாளில் ‘டேய்’ என்று கூப்பிடுகிற மச்சினனை ‘வாங்க, உக்காருங்க’ என்பேன். குறுக்கே படுத்திருக்கும் நாயிடம் ‘கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா’ என்று கேட்பேன். ஐம்பதை நெருங்கும் வயதில் இது மாறப்போவதில்லை என்று தெரிந்துபோனதால், வீட்டில் இதை ஒரு மீட்டராகவே வைத்துக்கொண்டார்கள்.

இந்த மனுஷனுக்குத்தான் கார்ப் பந்தய ஆசை.

பந்தயம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நார்த்தாமலைக் குன்றுகள் தெரிகிற தூரத்தில், மனை போட்டு விற்காமல் கிடக்கும் செம்மண் பொட்டல் ஒன்று இருக்கிறது. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் போன்ற சிலர் அங்கே கூடுவோம். ரப்பர் கோன்களை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை. ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். கோனைத் தட்டாமல் சீக்கிரம் முடிப்பவர் கெட்டிக்காரர். ஆட்டோகிராஸ் என்று பெயர். எதிரே யாரும் வரமாட்டார்கள் என்பதால் என் தைரியத்துக்கு ஏற்ற விளையாட்டு.

கார் எங்கள் வீட்டு டீசல் கார்தான். ஞாயிறு எனக்கு; வார நாட்களில் மனைவிக்கு. அவள் கீரமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் காரில் கை வைக்கத் தொடங்கியபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“ஞாயித்துக்கெழம வண்டிய என்ன வேணா பண்ணிக்கங்க. திங்கக்கெழம காலையில நான் சாவியத் திருகுனா அது ஸ்டார்ட் ஆகணும். ஆகலைன்னா ஒங்க பந்தயம் அன்னையோட சரி.”

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் கொடுக்கிற குரலில் சொன்னாள். அதனால்தான் பயமாக இருந்தது.

நான் கை வைத்தது இன்டர்கூலரில். டீசல் காரில் டர்போ என்று ஒன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடுமே, அதேபோல் அமுக்கிய காற்றும் சூடாகிவிடும். சூடான காற்றில் எஞ்சினுக்குத் தெம்பு இல்லை. அதை ஆற்றிக் கொடுப்பது இன்டர்கூலர். கம்பெனி வைத்திருந்தது சின்னது; அதையும் எஞ்சினின் தலைமேலேயே வைத்திருந்தார்கள். அடுப்பின் மேல் விசிறியை வைத்த மாதிரி. வெயிலில் இரண்டு வளைவு போவதற்குள் கார் சோர்ந்துவிடும்.

ஆகவே, பட்டறைக்காரத் தம்பியிடம் சொல்லி, பெரிய இன்டர்கூலர் ஒன்றை முன் பம்பரின் வாய்க்குள், ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டினேன். ரேடியேட்டருக்குப் போகிற காற்று இனி இதைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால், ரேடியேட்டரையும் தடிமனாக மாற்றச் சொன்னார், மாற்றினேன். எஞ்சின் சூட்டைக் காட்ட டேஷ்போர்டில் தனியாக ஒரு மீட்டரும் வைத்தேன். மனைவி அதற்கு ‘ஒங்க பி.பி. மிஷின்’ என்று பெயர் வைத்தாள்.

புது இன்டர்கூலருடன் முதல் பந்தயம் பங்குனியில். மனைவியும் வந்தாள். என்னைப் பார்க்க இல்லை, தன் திங்கட்கிழமையைப் பார்த்துக்கொள்ள. வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு விடைத்தாள் கட்டைப் பிரித்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெகதாப்பட்டினத்திலிருந்து அவள் தம்பி வந்து சேர்ந்தான். அங்கே ஐஸ் பிளான்ட்டில் சூப்பர்வைசர். வண்டியிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டியை இறக்கினான்.

“என்ன மாப்ள இது?”

“ஐஸ் மச்சான். ஒரு ஓட்டம் முடிஞ்சா இன்டர்கூலர் மேல ஐஸ் வச்சு ஆத்தணும்னு நீங்கதான சொன்னீங்க?”

“பொட்டியில செதில் ஒட்டியிருக்கேடா.”

“ஐஸு சுத்தமான ஐஸு. பொட்டிதான் நேத்து சங்கரா மீனு ஏத்திப் போயிட்டு வந்துச்சு.”

அடுத்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே செவ்வந்தியும் சம்பங்கியும் நெருக்கிக் கட்டிய மாலை. தேருக்குப் போடுகிற பருமன்.

“வார வழியில கீரமங்கலம் மார்க்கெட்ல எறங்கி வாங்குனேன். புதுசா ஒரு பொருள் மாட்டியிருக்கு, சும்மா விடலாமா?”

விடவில்லை. பம்பர் வாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி, சந்தனம் வைத்து, சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தான். பந்தயத்துக்கு முன் கார்களைச் சோதிக்கிறவர் வந்தார். சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். பேட்டரியை ஆட்டிப் பார்த்தார். ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்தார். மாலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வரிசையில் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்துவிட்டு முதல் ஓட்டம் ஓடினேன். இழுவை அற்புதம். சிரித்துக்கொண்டே கடைசி வளைவில் திரும்பும்போது மீட்டரைப் பார்த்தேன். முள் நடுவைத் தாண்டி, சிவப்புக் கோட்டை நோக்கி, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

“கொஞ்சம் எறங்குறீங்களா?” என்று முள்ளைக் கேட்டேன்.

இறங்கவில்லை. மரத்தடிக்கு வெகு தூரத்தில், மனைவி கண்ணில் படாதபடி காரை நிறுத்தினேன். சூடு ஏறினால் எஞ்சினின் தலை வளையும், கேஸ்கட் போகும். கேஸ்கட் போனால் திங்கட்கிழமை போகும். திங்கட்கிழமை போனால் எல்லாம் போகும். பட்டறைக்காரத் தம்பிக்குப் போன் போட்டேன்.

“ரேடியேட்டர்ல தண்ணி இருக்காண்ணே?”

“இருக்குங்க.”

“ஃபேன் சுத்துதா?”

“சுத்துதுங்க.”

“என்னண்ணே, என்னையப் போயி ‘ங்க’ போடுறீங்க? வண்டிய எங்கிட்டும் மோதிட்டீங்களா?”

“இல்லைங்க.”

“முன்னாடி காத்துப் போற எடத்துல எதுவும் அடைச்சிருக்கா? அட்டை, பாலித்தீன் பை?”

இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அட்டை இல்லை, பாலித்தீன் இல்லை.

“ஒண்ணும் இல்லைங்க.”

மாலை என் கண்ணில் படாமலில்லை. அதை ஓர் அடைப்பாக நினைக்கத்தான் தோன்றவில்லை. கட்டின பிறகு அது மரியாதை; மரியாதையைப் போய் யார் பழுது பட்டியலில் சேர்ப்பார்கள்?

“அப்ப ஹீட்டர ஃபுல்லாப் போட்டு, கண்ணாடிய எறக்கிவிட்டு உக்காருங்கண்ணே. எஞ்சின் சூட்டக் கொஞ்சம் உள்ள இழுக்கும். நான் கெளம்பி வாரேன்” என்றார்.

பங்குனி வெயில், செம்மண் பொட்டல், தலையில் ஹெல்மெட், முகத்துக்கு நேரே ஹீட்டர். ஹெல்மெட்டைக் கழற்றலாம் என்பது எனக்கு உறைக்கவில்லை. எங்கிருந்தோ குடை பிடித்துக்கொண்டு மனைவி வந்து நின்றாள். பின்னால் அவள் தம்பி.

“உள்ள என்ன பண்றீங்க?”

“ஹீட்டர் போட்டிருக்கேங்க.”

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். “டேய், என்னைய ‘ங்க’ங்குறாருடா.”

“போச்சு” என்றான் அவன். “எஞ்சின் போச்சுக்கா.”

“எஞ்சின் போகட்டும். நாளைக்கு நான் எதுல போறது?”

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஹீட்டர் காற்றோடு, கதகதவென்று, இனிப்பும் புளிப்புமாக. கல்யாணம் முடிந்த மறுநாள் காலை மண்டபத்தைக் கூட்டும்போது வருமே, அந்த வாசனை. எனக்கு முன்னே பூ வெந்துகொண்டிருந்தது.

“மாலைடா!” என்று கத்தினேன். மரியாதை போய்விட்டது. மனைவி முகத்தில் நிம்மதி தெரிந்தது.

மச்சினன் கண்களில் ஒற்றிக்கொண்டு மாலையை அவிழ்த்தான். முள் பாதி இறங்கி, அங்கேயே நின்றுகொண்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள விரல் நுழையாத சந்தில் செவ்வந்தி இதழ்கள் மெத்தை போட்டிருந்தன. ஃபேன் உறிஞ்சி உள்ளே இழுத்திருக்கிறது. பட்டறைக்காரர் வருவதற்குள் மனைவி யார் வண்டியிலோ கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவிக்கொண்டு வந்துவிட்டாள். எஞ்சினை அணைத்து, மூன்று பேரும் பம்பருக்கு முன் குத்துக்காலிட்டு இதழ் இதழாக நோண்டினோம். சாமிக்குக் காட்டின பூவைக் காலில் படப் போடக்கூடாது என்று, மச்சினன் எல்லாவற்றையும் மீன் பெட்டியில் சேர்த்துவைத்தான்.

மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தபோது முள் நடுவுக்கு வந்து நின்றது. வந்து சேர்ந்த பட்டறைக்காரரும் எஞ்சினைக் கேட்டுப் பார்த்து, ஆயிலைத் தொட்டுப் பார்த்து, பயமில்லை என்றார்.

“இன்னொரு ஓட்டம் ஓடட்டுமா?” என்று மனைவியைக் கேட்டேன்.

“என்னையக் கேக்காதீங்க. ஒங்க பி.பி. மிஷினக் கேளுங்க.”

மிஷின் சரி என்றது. ஐஸை ஒரு சாக்கில் கட்டி இன்டர்கூலர் மேல் சாத்தி ஆற்றிவிட்டு ஓடினேன். கார் சீறியது. முள் அசையவே இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் பாதை முழுக்க முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் பின்னால் திரும்பினால் எந்தக் கோனும் நின்ற இடத்தில் இல்லை. ஒன்று பம்பருக்கு அடியில் கூடவே வந்திருந்தது.

திங்கட்கிழமை காலை. பல் விளக்கிக்கொண்டே ஜன்னலோரம் நின்றேன். அவள் உட்கார்ந்தாள், பையைப் பக்கத்தில் வைத்தாள், கண்ணாடியைச் சரி செய்தாள். சாவியைத் திருகினாள். கார் ஒரே தடவையில் எழுந்தது. வாயில் நுரையோடு நான் அப்படியே நின்றேன்.

சாயங்காலம் வந்து காரை நிறுத்தியவள் இறங்கி முன்பக்கம் போனாள். எங்கள் தெருப் பூனைகள் இரண்டு, அழைப்பு வந்த மாதிரி பம்பருக்கு முன் வந்து உட்கார்ந்திருந்தன.

“பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான். சத்துணவுக் கூடத்துப் பூனை அத்தனையும் என் வண்டிக்கிட்டதான். எட்டாம் வகுப்பு பூரா சிரிக்கிது.”

“கழுவிடுறேங்க” என்றேன்.

“அடுத்த தடவ ஐஸ இங்கிட்டு ஜூஸ் கடையில வாங்கிக்கங்க. மாலைய நீங்க போட்டுக்கிட்டு ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த தடவை என்று அவளாகத்தான் சொன்னாள். மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை, கேட்டால் யோசிப்பாள். வாளியையும் ஓர் ஈர்க்கையும் எடுத்துக்கொண்டு பம்பருக்கு முன் போனேன்.

“கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?” என்றேன் பூனைகளிடம்.