வாலில்லாத ரானா

றீற்றாவுக்குக் கனடாவில், வோபர்ன் பக்கம், ஓர் அச்சுக்கடையில் வடிவமைப்பு வேலை. கலியாணக் கார்ட்டுக்கும் வீடு விற்கும் நோட்டீசுக்கும் ஒரே விறைத்த எழுத்தைப் போட்டுப் போட்டு அலுத்துப்போனவர், நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு காரியம் செய்தார். ஒரு பனிக்காலம் முழுக்கத் தன் சொந்தக் கையெழுத்தைக் கணினியில் ஏற்றி எழுத்துருவாக்கினார். கடைச்சாமான் துண்டு எழுதும் வேகத்தில் எழுதியது என்பதால் 'அவசரம்' என்று பெயரும் வைத்தார். பிறந்தநாளுக்கும் முதல்நன்மைக்கும் அது அச்சொட்டாகப் பொருந்தியது. மரண அறிவித்தலுக்கு மட்டும் தொடமாட்டார். செத்தவீட்டில் எழுத்து துள்ளக்கூடாதாம்.

டோர்செட் பார்க்கில் றோல்ஸ், வடை விற்கும் சோட்டீற்ஸ் கடை போட்ட ஸ்ரீதரனுக்கு அந்த எழுத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"தங்கச்சி, உந்த எழுத்தையே கடைக் கண்ணாடியில ஒட்டுங்கோ. ஆனா என்ர பேர் முழுசா வரவேணும். இருபத்தெட்டு வருஷம் பக்டறியில வெறும் 'ஸ்ரீ' எண்டுதான் கூப்பிட்டவங்கள்."

கடை திறந்த முதல் ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் மகள் நிரோஷினியையும் கூட்டிக்கொண்டு றீற்றா அங்கே போனார். தன் கையெழுத்து முதன்முதலாகத் தெருவில் நிற்கிறது என்ற சந்தோசப் புளுகம் அவருக்கு. கனடாவில் பிறந்த நிரோஷினி தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

"ஸ்ரீ... தா... ன். ஸ்ரீதான் கடை. அம்மா, வொய்? ஜஸ்ற் ஸ்ரீயா?"

றீற்றா கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். கையால் எழுதும்போது ரானாவுக்கு, அதுதான் 'ர' எழுத்துக்கு, கீழே வால் இழுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. வாலில்லாத ரானா அச்சசல் அரவுதான், அதாவது துணைக்கால். 'த'வுக்குப் பக்கத்தில் நின்றால் 'தா' ஆகிவிடும். தமிழில் ஊறியவர்கள் வாசிப்பதில்லை, ஊகித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அச்சுக்கடையில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

ஸ்ரீதரன் வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தார். "எப்பிடித் தங்கச்சி?"

பேசாமல் விட்டிருந்தால் அந்த மனிதர் சந்தோசமாகவே இருந்திருப்பார். ஆனால் றீற்றாவுக்கு மனம் கேட்கவில்லை. சொல்லிவிட்டார். ஸ்ரீதரன் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

"இஞ்சையும் ஸ்ரீதானோ?"

"பொறுங்கோ அண்ணை. வால் ஒண்டுதான் இல்லை."

காரின் பின்பெட்டியில் கிடந்த, எழுத்து வெட்டி மிஞ்சிய சிவப்பு ஸ்டிக்கரில் ஒரு துண்டைக் கத்தரித்து எடுத்தார் றீற்றா. ஸ்டூலில் ஏறி, ரானாவின் அடியில் சரிவாக ஒட்டினார். கொஞ்சம் கோணல்தான். கையெழுத்துக்கு அது ஒரு குறையில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். திங்கட்கிழமை முதல்வேலையாகக் கணினியிலும் ரானாவுக்கு வால் முளைக்க வேண்டும்.

வால் ஒட்டியது மட்டும் ஸ்ரீதரனுக்குப் போதவில்லை. நிரோஷினியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இப்ப வாசியுங்கோ பாப்பம்."

"ஸ்ரீ... த... ர... ன்."

"ஆ?"

"ஸ்ரீதரன், அங்கிள்."

"வடிவாக் கேக்கேல்லை," என்றார் அவர், அவளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு. "இன்னொருக்கா."