மாரித்தாய் பிரித்த மயில்

மாரித்தாயைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. எழுதாமல் இருந்தாலும் நெஞ்சு அறுக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

நான் சண்முகவேல். சிவகாசியில் காசிராஜன் முதலாளியின் அச்சாபீஸில் பட்டாசு லேபிளுக்குப் படம் போடுகிறவன். 1961இல் முதலாளி புதுவீடு கட்டினார். அவர் சம்சாரம் சொர்ணலட்சுமி அம்மாளுக்குச் சுவரில் ஒரு சாண் வெறுமையாக இருந்தால் ஆகாது. சோபா உறையில் கிளி, ரேடியோ உறையில் புலி, ஜன்னல் திரையெல்லாம் தாமரை என்று ஹாலே கண்ணைப் பறித்தது. நடுச்சுவருக்குச் சிவப்பு வெல்வெட்டில் ஆளுயர மயில் ஒன்று வேண்டும் என்றார்.

பூத்தையல் எல்லாம் விஸ்வநத்தம் மாரித்தாய்தான். புருஷன் இல்லாதவள், ஊசியும் பட்டுநூலும்தான் அவளுக்குச் சோறு போட்டன. நூல் சிக்கக் கூடாது என்று தினமும் தேங்காய் எண்ணெய் தடவி விரல்களை மெத்தென்று வைத்திருப்பாள்.

மயிலை வரைந்து கொடுக்க வேண்டியவன் நான். தீபாவளி சீசன், லேபிள் ஆர்டர் கழுத்தைப் பிடித்தது. முதலாளிக்குத் தெரியாமல் எதிர்க் கம்பெனிக்கு ஒரு மயில் லேபிள் போட்டுக் கொடுத்திருந்தேன். அந்தத் தாள் பெட்டியில் கிடந்தது. அலகில் இருந்த மத்தாப்பை அழித்துவிட்டு மாவிலை வைத்து, பெரிதாக்கிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் என் மூளை.

“எங்கயோ பாத்த மயிலா இருக்கே அண்ணாச்சி” என்றாள்.

“மயிலுன்னா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். பேசாம தையி” என்று எரிந்து விழுந்தேன்.

ஆறு மாதம் தைத்தாள். தை மாதம் புதுவீட்டில் பால்காய்ச்சு. மதுரையிலிருந்து வந்த பட்டாசு ஏஜென்ட் சங்கரலிங்கம் ஹாலுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். “என்ன அண்ணாச்சி, எதிர்க் கம்பெனி லேபிளை நடுவீட்டுல மாட்டி வச்சிருக்கீக?”

கூட்டம் சிரித்தது. முதலாளி முகம் கறுத்துப்போயிற்று. பந்தி வேலையாக நின்ற மாரித்தாயைக் கூப்பிட்டார். “ஏத்தா, எதைப் பாத்துத் தச்ச?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் வெற்றிலைத் தட்டைப் பார்த்தேன்.

“அண்ணாச்சி வரைஞ்சு குடுத்ததை விட்டுட்டு, நானாத்தான் ஒரு பட்டாசுக் கட்டுல பாத்துத் தச்சேன் முதலாளி.”

அன்றைக்கே, அந்த ஹாலிலேயே உட்கார்ந்து மொத்தத் தையலையும் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தாள். போகும்போது வாசலில் என்னிடம், “உங்களுக்கு நாலு புள்ளைக. வேலை போச்சுன்னா எங்க போவீக? நான் ஒத்தக்கட்டை, பாத்துக்கிடுதேன்” என்றாள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன், பாவி.

அதற்குப் பிறகு எந்தப் பெரிய வீட்டிலும் அவளைக் கூப்பிடவில்லை. பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து அடைக்கப் போனாள். பஸ்ஸில் பார்த்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஐந்து வருஷம் போயிற்று. சொர்ணலட்சுமி அம்மாளுக்குக் கோபம் ஆறிவிட்டது. மகள் கல்யாணத்துக்குக் கட்டில் விரிப்பு தைக்க மாரித்தாய்தான் வேண்டும் என்று பட்டுநூலைக் கொடுத்து என்னையே அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கெட்டதெல்லாம் சரியாகிவிடும் என்று விஸ்வநத்தத்துக்கு ஓடினேன்.

நூலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. கையைக் கழுவி, எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, ஓர் இழையை உருவி விரலில் ஓட்டினாள். வெடிமருந்து அரித்துப் பிளந்த தோலில் பட்டு மாட்டிப் பிசிறியது. இன்னொரு விரலில் ஓட்டினாள். அதிலும் மாட்டியது.

“இந்தக் கையில பட்டு ஓடாது அண்ணாச்சி. நல்ல நூலு, பாழாப் போயிரும். கொண்டு போயிருங்க.”

அந்த நூலோடு நேரே முதலாளியிடம் போய், எதிர்க் கம்பெனிக்குப் படம் போட்டதிலிருந்து ஒன்றுவிடாமல் சொல்லி அழுதேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன். அவர் சிரித்தார்.

“கோட்டிக்காரப் பயலே, அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டிருப்பேன். உன்னைப் போலப் படம் போட ஆளுக்கு நான் எங்கலே போவேன்?”

இரண்டு ஏச்சு. அதை வாங்க எனக்குத் துப்பில்லாமல் போனதற்குத்தான் அவள் விரல்கள் போயின.