புகையையும் எரிக்கும் இரும்புப் பெட்டி

ஷார்ஜாவில் ஃபயர்பிளேஸ் விற்றுப் பிழைத்தேன் என்று சொன்னால் இன்றும் ஊரில் யாரும் நம்புவதில்லை. வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே ஏசியைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு, கழுத்தில் டையோடு, விறகு எரிக்கும் இரும்புப் பெட்டிகளின் பெருமையை நான் அளந்துகொண்டிருப்பேன். உண்மையில் அது மார்பிள் கடை. 2005-ஐ ஒட்டிய வருடங்கள் அவை. பெரிய வில்லா கட்டுகிறவர்கள் ஹாலில் ஒரு ஃபயர்பிளேஸ் இருந்தால்தான் கௌரவம் என்று நினைத்தார்கள். சுவரில் மார்பிள் வளைவு கட்டி, நடுவே குழி விட்டு, அந்தக் குழிக்குள் கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டியைச் செருகுவோம். அதற்கு இன்சர்ட் என்று பெயர். புகை போக மேலே ஒரு குழாய். மூன்று வருடங்களில் நான் விற்றவற்றில் ஒன்றையாவது யாராவது பற்றவைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ஒரு வீட்டில் அதற்குள் பிளாஸ்டிக் பூ வைத்திருந்தார்கள்.

ஆகவே எனக்குத் தெரிந்ததெல்லாம் அழகுதான். பித்தளை விளிம்பா, கறுப்பு விளிம்பா, கண்ணாடி ஒரு பக்கமா, மூன்று பக்கமா என்று கேட்பேன். சூட்டைப் பற்றி எவனும் என்னிடம் கேட்டதில்லை, நானும் படித்ததில்லை.

ஒரு டிசம்பர் மாதக் காலையில் ராசல்கைமா மலைப்பக்கத்திலிருந்து ஒரு அரபி வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அறுபது வயது இருக்கும். கூடவே அவர் மனைவி. அந்தப் பக்கத்து வயதான பெண்கள் போடும் பளபளக்கும் முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அந்த அம்மா நாலு அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார். நான் வழக்கம்போல் கடையிலேயே பெரியதான, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த இன்சர்ட்டைக் காட்டினேன். அந்த அம்மாவின் கண்கள் உடனே அதில் நின்றுவிட்டன.

அரபி அதைச் சுற்றி வந்தார். பாதி அரபியும் பாதி ஹிந்தியுமாகக் கேட்டார்.

"விறகு தீந்த பிறகு இதுல எவ்வளவு நேரம் சூடு நிக்கும்?"

"நாள் பூரா நிக்கும் அர்பாப்," என்றேன், முதலாளி என்கிற அரபு மரியாதையும் சேர்த்து, வாய் கூசாமல்.

"நீ எரிச்சுப் பாத்திருக்கியா?"

நான் டை முடிச்சைச் சரிசெய்தேன். அவர் என் டையைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னார். வீடு மலை உச்சியில் இருக்கிறது. ஜெனரேட்டர் கரண்ட் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் வரும், ஹீட்டர் போட முடியாது. மனைவிக்கு நெஞ்சில் கோளாறு. குளிரும் ஆகாது, புகை ஒரு துளியும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்த அம்மா பிறந்ததிலிருந்து அறை நடுவில் விறகுத் தீயைச் சுற்றி உட்கார்ந்தே குளிர்காலத்தைக் கழித்தவர். போன வருடம் டவுனில் மகன் ஃபிளாட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். மூன்று மாதம் சரியாகச் சாப்பிடாமல் பாதியாகத் திரும்பி வந்தாராம்.

"இந்தப் பெட்டி வேலை செஞ்சா வீடு. செய்யலேன்னா மறுபடியும் டவுன். இன்னொரு தடவை டவுனுக்குப் போனா இவ திரும்பி வருவாளான்னு எனக்குத் தெரியல," என்றார். அந்த அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. எரித்துப் பார்த்துவிட்டே தருகிறேன் என்று சொல்லி ஒரு வாரம் தவணை கேட்டேன்.

கடைக்குப் பின்னால் குடோன் முற்றம். எங்கள் கொத்தனார் பெரம்பலூர்க்காரர், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர், ஊரில் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். தீ என்றால் என்ன என்று கடையில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அடுத்த வாரம் அந்தத் தம்பதி வந்தபோது இரண்டு பெட்டிகளை முற்றத்தில் நிறுத்தியிருந்தோம். ஒன்று அந்த மூன்று கண்ணாடி அழகி. இன்னொன்று, குடோன் மூலையில் தூசி படிந்து கிடந்த சின்ன வார்ப்பிரும்புப் பெட்டி. ஒரே ஒரு சின்னக் கண்ணாடி, தடித்த சுவர், உள்ளே சூடு தாங்கும் செங்கல் பதித்தது. அவ்வளவு அசிங்கமானது என்று ஷோரூமில் வைக்கவே மாட்டோம். இரண்டுக்கும் ஆளுயரக் குழாயை மாட்டி, மலையிலிருந்து அரபி கொண்டுவந்த சமுர் கட்டைகளைப் போட்டோம். நம்மூர் கருவேலம் மாதிரி கனமான கட்டை.

அழகி பிரமாதமாக எரிந்தாள். ஜுவாலை கண்ணாடி முழுக்க ஆடியது. அந்த அம்மா காரின் மூடிய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கைதட்டாத குறை. ஆனால் இரண்டு முழம் தள்ளி நின்றால் சூடு தெரியவில்லை. கட்டையோ போடப் போடப் போதவில்லை.

"பாய், இது கண்ணாடி அலமாரி," என்றார் கொத்தனார். "சூடு அத்தனையும் கொழா வழியா ஓடுது பாருங்க."

சின்னப் பெட்டி முதலில் அழுது வடிந்தது. அரை மணி நேரம் கழித்து, இரும்பு நன்றாகக் காய்ந்ததும், காற்றைக் கூட்டிக் குறைக்கும் கம்பியைப் பாதி உள்ளே தள்ளினேன். அப்போது நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஜுவாலை கட்டையை விட்டுக் கழன்றது. கழன்று, பெட்டியின் கூரைக்கடியில் போய், கீழே எதுவும் இல்லாமல், அந்தரத்தில், மெதுவாகத் தண்ணீர் புரள்வதுபோல் புரண்டது. கட்டையிலிருந்து கிளம்பிய புகை மேலே போய்ச் சேர்வதற்குள் தானே தீயாக மாறியது. குழாய் முனையை நிமிர்ந்து பார்த்தேன். புகையே இல்லை, வெறும் காற்று நடுங்கியது.

"பாய்... பொகையே எரியுது பாய்," என்றார் கொத்தனார். சூளையில் பத்து வருடம் நின்ற மனிதர், வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

சுப்ஹானல்லாஹ் என்று என்னையறியாமல் சொன்னேன். தொழுகையில்கூட அவ்வளவு மனதாரச் சொல்லியிருப்பேனா, தெரியாது. மூன்று வருடம் இந்தப் பெட்டிகளை விற்றிருக்கிறேன்! உள்ளே இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாமல், பித்தளை விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தீ அணைந்து மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து தொட்டபோதும் அந்த இரும்பு கையைச் சுட்டது.

அரபி சின்னதைத் தட்டிக்கொடுத்தார். அந்த அம்மா மட்டும் காரை விட்டு இறங்கி வந்து மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"தீ கண்ணுக்குத் தெரியணும். இது என்ன, பீரோவா?"

கணவர் ஏதோ சொல்ல, அவர் பதிலுக்கு ஏதோ சொல்ல, வாக்குவாதம் வளர்ந்தது. கால் ஓய்ந்து அந்த அம்மா அங்கே பிரித்துப் போட்டிருந்த அட்டை மேல் தரையோடு தரையாக உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கேட்டலாக்கில் எல்லாரும் சோபாவில் உட்கார்ந்துதான் தீயைப் பார்ப்பார்கள். இவர்கள் தரையில் விரிப்புப் போட்டு உட்காருகிறவர்கள். கொத்தனாரும் நானும் துணியைச் சுற்றிப் பிடித்து அந்தப் பெட்டியைத் தூக்கி இரண்டு சிமெண்ட் பிளாக் மேல் வைத்து, மறுபடி கட்டை போட்டோம். கண்ணாடி நேராக அவர் முகத்துக்கு எதிரே வந்தது. வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த உயரத்துல வச்சா போதும்," என்றார்.

ஜனவரியில் மலைக்குப் போனோம். ஜீப் முனகிக்கொண்டே ஏறியது. அங்கே அடித்த காற்றில் எனக்குப் பல் கிட்டித்துப்போனது. கல் கட்டிய தடித்த சுவர், ஒரே அறை. நானும் கொத்தனாரும் இரண்டு நாள் வேலை செய்தோம். மேடை கட்டி, பெட்டியை ஏற்றி, கூரை வழியாகக் குழாய் இறக்கினோம். கொத்தனார் தன் கைவரிசையாக இன்னொன்றும் செய்தார். ஜன்னல் இடுக்கெல்லாம் சிலிக்கான் இழுத்து, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினார். துபாயில் எந்த வில்லாவிலும் எங்களுக்கு முதல் பாடம் அதுதான், ஓர் எறும்பு நுழைகிற சந்து இருந்தாலும் என்ஜினியர் காதைத் திருகிவிடுவார். பிரமாதம் என்று நானும் பாராட்டினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த அம்மா தீயின் முன் வந்து உட்கார்ந்தார். நான் பற்றவைத்து, பெட்டிக் கதவையும் வாசல் கதவையும் சாத்தினேன். நன்றாகப் பிடித்த தீ, சிறிது நேரத்தில் சோர்ந்தது. கண்ணாடி கறுத்தது. பெட்டிக் கதவைத் திறந்தேன், திரண்டு வந்த கரும்புகை அறையை நிறைத்தது. அந்த அம்மா இருமினார். இருமல் என்றால் சாதாரண இருமல் இல்லை, ஆளையே இரண்டாக மடித்துப்போட்டது. கணவர் அவரை அப்படியே அள்ளிக்கொண்டு வெளியே பாறைக்கு ஓடினார்.  ஒரு மனுஷியைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் இருமல் மட்டுப்பட்டது. அரபி என்னிடம் வந்தார். "கலாஸ், முடிஞ்சுது. கழட்டி எடுத்துட்டுப் போ," என்றார். கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

உள்ளே போனேன். புகை போக வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. செத்துவிட்டது என்று நாங்கள் கைவிட்ட தீ, பெட்டிக்குள் தானாக எழுந்து நின்றது. எதற்கோ வாசல் கதவைச் சாத்தினேன், தீ படுத்தது. திறந்தேன், எழுந்தது. மூன்று தடவை சாத்தித் திறந்து பார்த்தேன்.

"அண்ணே," என்று கத்தினேன், "ரூமை ஏசிக்கு அடைச்சிருக்கோம்ணே! தீக்கு மூச்சு விட வழியில்ல!"

கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். நான் போய் அரபியிடம் கெஞ்சிச் சாயங்காலம்வரை தவணை வாங்கினேன். சிலிக்கானைக் கிழித்தோம். பெட்டிக்கு அடியில் சுவரைத் துளைத்து, வெளிக்காற்று நேராகப் பெட்டிக்கே வரும்படி ஒரு குழாய் விட்டு வலை வைத்தோம். அறையைக் காற்றாட விட்டு, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி பற்றவைத்தோம். இந்த முறை வாசல் கதவைச் சாத்தியும் தீ படுக்கவில்லை. மெல்லக் கூரைக்கடியில் ஏறி, அந்தரத்தில் புரள ஆரம்பித்தது. கல் சுவர் கையில் இதமாகப் பட்டது. மூக்கை இழுத்து இழுத்து மோந்தேன், புகை வாடை துளிகூட இல்லை.

அந்த அம்மா மனசே இல்லாமல்தான் உள்ளே வந்தார். சுவரில் சாய்ந்து தீயைப் பார்த்தார். கொத்தனார் ஓரத்துப் பூச்சை முடிக்கக் கரண்டியை எடுத்தார். அரபி உதட்டில் விரல் வைத்தார்.

அந்த அம்மா தூங்கிவிட்டிருந்தார்.

"ரெண்டு வாரமா ராத்திரியில கண்ணை மூடல. மூடினா இருமல் எழுப்பிடும்," என்று அரபி என் காதில் சொன்னார். கொத்தனார் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். நான் அந்த அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு இருமல் வருமோ என்று பயந்தேன், வரவில்லை. இருநூறு வரை எண்ணினேன். கண்ணாடிக்குப் பின்னால் தீ சத்தமில்லாமல் புரண்டுகொண்டிருந்தது. என் கண் நிறைந்துவிட்டது, ஒளிக்கவும் தோன்றவில்லை.

அரபி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோல் வெளியே போனார். பாறை விளிம்பில்தான் மொபைலுக்கு சிக்னல் கிடைக்கும். எங்களைச் சத்தம் போடக் கூடாதென்று அடக்கிய மனிதர், அங்கிருந்து மகனிடம் மலையே எதிரொலிக்கக் கத்தினார்.

"வரமாட்டா! உன் அம்மா வரமாட்டா! இங்கதான் இருப்பா!"

அந்த அம்மா அதற்கும் எழுந்திருக்கவில்லை.