லேசாக மஞ்சள் அடிக்கும் கண்ணாடி

என்ன தொழில் என்று கேட்டவர், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிற தொழில் என்னுடையது. எக்ஸ்ரே அறைகளிலிருந்து கதிர் வெளியே கசியாமல் தடுப்பு அமைப்பேன். பிறகு கசிகிறதா என்று நானே அளந்து பார்த்து அறிக்கை எழுதித் தருவேன். இதற்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி உலோக ஆக்சைடுகள். ஈய ஆக்சைடு கலந்த கண்ணாடி, உடம்பின் முன்பக்கம் மாட்டிக்கொள்ள பிஸ்மத் ஆக்சைடு கலந்த கனத்த ரப்பர் ஏப்ரன், மேக்னடைட் என்கிற இரும்பு ஆக்சைடு கலந்த கான்கிரீட் கல். பட்ட கதிரைப் பதிந்து வைத்துக்கொள்ளும் அலுமினிய ஆக்சைடு பேட்ஜும் உண்டு. இரும்பு ஆக்சைடாக மாறினால் அதுதான் துரு என்று ஒருநாள் வீட்டில் விளக்கியது என் தப்பு. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளையின் வருங்கால மாமனார் என்ன செய்கிறார் என்று கேட்டபோது என் மனைவி யோசிக்கவே இல்லை. “அவருங்களா? துரு யாவாரம்.”

சொந்தக்காரர்களிடம் தொழிலை விளக்க முடியாமல் தலைகுனிந்து திரியும் அன்பர்களே, நாம் எல்லாரும் ஒரு சாதி. ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று பிடித்துக்கொண்டது. நான் வேலையைச் சரியாகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவுமே நடக்காததை யாரிடம் காட்டி, இதோ என் வேலை என்று சொல்வது? இந்தக் கேள்வியோடுதான் நான் ஏற்காட்டு பஸ் ஏறினேன்.

கல்லுக்குள் குடியிருப்பு

ஏற்காட்டை அடுத்த நாகலூரில், காபி எஸ்டேட்டுகளுக்கு நடுவே, ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பறிப்புக் காலத்தில் ஈரச் சரிவில் வழுக்கிக் கையை ஒடித்துக்கொள்கிறவர்கள், எக்ஸ்ரே எடுக்க வளைவு வளைவாகக் குலுங்கிக்கொண்டு சேலத்துக்கு இறங்க வேண்டியிருந்தது. “கீழ போய்ச் சேர்றப்ப ஒடியாத கையும் வலிக்குதுங்கறாங்க சார்” என்றார் டாக்டரம்மா. பறிப்பு மும்முரமாவதற்குள் அறையைத் திறந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

சுவருக்கான மேக்னடைட் கல் வந்த லாரி பாதிகூட நிறைந்திருக்கவில்லை. ஆனாலும் முக்கிக்கொண்டு வந்து நின்றது. கட்டட மேஸ்திரி பழனிசாமி அதைப் பார்த்துச் சிரித்தார். வேலையில் சுத்தம், பார்வையில் அதைவிடச் சுத்தம். ஒரு சிமெண்ட் பொட்டு தரையில் காய்ந்தால்கூட அவருக்குத் தூக்கம் வராது. வழக்கம்போல ஒற்றைக் கையால் ஒரு கல்லை எடுக்கப்போனவர், குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். கல் நகரவில்லை. தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார். “ஏனுங்க சார், கல்லுக்குள்ள ஆராச்சும் குடியிருக்காங்களா?”

சேலத்தம்மா

அந்த அறையில் வேலை செய்யப்போகிறவள் கலைச்செல்வி. பக்கத்து ஊரான தலைச்சோலையைச் சேர்ந்தவள். கணவன் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறான். இவள் சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, ஹாஸ்டலில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலையேறுகிறாள். அவளுடைய குட்டிப்பெண், கூடவே இருக்கும் மாமியாரை ‘அம்மா’ என்றும் பெற்றவளை ‘சேலத்தம்மா’ என்றும் கூப்பிடுகிறது. இதைச் சொல்லும்போது கலைச்செல்வி சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் முகத்தை வேறு பக்கம் வைத்திருந்தாள். அறை திறந்தால் வீட்டிலிருந்தே வேலைக்கு வரலாம். ஹாஸ்டலைக் காலி செய்வதாகச் சொல்லியும்விட்டாள். அதனால் ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வந்து, சுவர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவாள்.

அப்படி வந்த ஒருநாள், குழந்தையின் கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஏதோ தொங்கியது. பார்த்தால் கலைச்செல்வியின் கதிர்வீச்சு பேட்ஜ். வேலை செய்யும் இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டியதை மறந்து சட்டையோடு கொண்டுவந்துவிட்டாள்; கதிருக்காகக் குத்துவது என்று கேள்விப்பட்ட மாமியார், தாயத்தாக்கிப் பேத்திக்குக் கட்டிவிட்டார். நான் பதறி விளக்கினேன். இது எதையும் தடுக்காது. உள்ளே அலுமினிய ஆக்சைடு இருக்கிறது, இந்த மலையில் வெட்டுகிற பாக்சைட்டுக்கு ஒரு வகையில் சொந்தம். பட்ட கதிர் எவ்வளவு என்று பிறகு சொல்லும், அவ்வளவுதான். மாமியார் கவனமாகக் கேட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். “தடுக்கவும் தடுக்காது, காப்பாத்தவும் காப்பாத்தாது, எல்லாம் ஆனதுக்கப்பறம் இவ்வளவு ஆச்சுன்னு மட்டும் சொல்லுமாக்கும்? எங்க ஊட்டுக்காரரு அதத்தானுங்க செஞ்சிக்கிட்டிருக்காரு.”

குடை வியாபாரி

ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி பாப்பாத்தியக்காவின் டீக்கடை. டீயைவிட வடைக்குப் பேர்போனது. எக்ஸ்ரே வந்தால் பால் திரியுமா, வடை மாவு புளிக்குமா என்று அக்காவுக்கு ஒரே கவலை. பயத்தைப் போக்கலாம் என்று கதிர் அளக்கும் என் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். கடை வாசலில் ஆன் செய்ததும் அது டிக், டிக் என்றது. அக்கா கரண்டியோடு பின்னால் நகர்ந்தார்.

எக்ஸ்ரே மெஷின் இன்னும் வந்து சேரவே இல்லை, இது இயற்கையாக இருப்பது, பாறையில் இருக்கிறது, வானத்திலிருந்து வருகிறது, உங்கள் வாழைப்பழத்தில்கூடக் கொஞ்சம் இருக்கிறது, பிறந்ததிலிருந்து நம்மேல் பட்டுக்கொண்டேதான் இருக்கிறது என்றேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப நான் இத்தன வருசமா நனஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கேன். நீங்க இப்ப வந்து குடை விக்கறீங்க.”

விதிப்படி

ஏப்ரனை மடித்து வைக்கக் கூடாது. மடித்தால் உள்ளே விரிசல் விடும். தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் நன்றாக விரித்து வைக்க வேண்டும். அதை அனுப்பும்போதே ஆஸ்பத்திரி வாட்ச்மேனிடம் பலமுறை சொல்லியிருந்தேன். அடுத்த முறை போனபோது ஏப்ரன் ஆணியில் இல்லை. வாட்ச்மேன் எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லாமல் எஸ்டேட் பக்கம் கைகாட்டினார்.

முதல் பறிப்புக் காபிக்கொட்டை களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மழை தூறியதால் மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள். காற்றுக்குத் தார்ப்பாயின் மூலைகளெல்லாம் படபடத்தன, ஒரு மூலையைத் தவிர. அங்கே என் பிஸ்மத் ஆக்சைடு ஏப்ரன், ஒரு சுருக்கம் இல்லாமல், நான் சொன்னதைவிட நன்றாக விரிந்து படுத்திருந்தது. கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் என்னைப் பார்த்ததும் கைகுலுக்க ஓடிவந்தார். “நொம்ப நல்ல சாமானுங்க. இன்னும் மூணு மூலைக்குக் கெடைக்குமா?”

குடத்துக்கு உடம்பு

மெஷின் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை திறப்பு என்று டாக்டரம்மா முடிவு செய்துவிட்டார். அதற்கு முன் நான் அளந்து, சரி என்று கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அளப்பதற்கு மனிதரைப் படுக்க வைக்க முடியாது. உடம்பைப் போலவே கதிரைச் சிதறடிப்பது தண்ணீர். அதனால் பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் பிடித்து, மேஜைமேல் வைத்து, அதற்கு எக்ஸ்ரே எடுப்போம். எடுப்பதற்குள் வராந்தாவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. குடத்தை நான் நேராக நிமிர்த்தி வைத்ததையும், வெளிச்சத்தை அதன் நடுவயிற்றில் சரிபார்த்ததையும் வாசலிலிருந்து எல்லாரும் மிகுந்த மரியாதையோடு கவனித்தார்கள். கதவைச் சாத்த வந்தபோது ஒரு பெரியவர் என் காதருகே குனிந்து, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். “கொடத்துக்கு என்னுங்க, எங்கயாச்சும் ஒழுகுதுங்களா?”

குனிந்து நிற்பது

அதற்கு எனக்கு வந்த சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. கதவுக்கு வெளியே அளந்தேன், சரி. டீக்கடைப் பக்கச் சுவர், சரி. மெஷினை இயக்குகிறவர் நிற்கும் தடுப்புக்குப் பின்னால், நோயாளியைப் பார்ப்பதற்கு வைத்த கண்ணாடி ஜன்னலுக்கு நேராக மீட்டரைப் பிடித்தேன். முள் எகிறியது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் எகிறியது. தினமும் கலைச்செல்வி நிற்கப்போகிற இடம் அது.

என் சுபாவம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். முதலில் மீட்டரைச் சந்தேகப்பட்டேன். பிறகு கல்லை, பூச்சை, கடைசியில் என் படிப்பை. ஒன்றும் பிடிபடவில்லை. காரணம் தெரியாமல் கையெழுத்துப் போட முடியாது, வெள்ளிக்கிழமை திறக்க முடியாது என்றேன். டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கலைச்செல்வி அன்று புது வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஹாஸ்டலிலிருந்து பெட்டியையும் இறக்கி, வராந்தாவில் வைத்திருந்தாள். அழவில்லை, கெஞ்சவும் இல்லை. தடுப்புக்குப் பின்னால் போய், ஜன்னலுக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கையால் அளந்து பார்த்தாள். “பரவால்லீங்க சார். படம் எடுக்கறப்ப நான் குனிஞ்சு நின்னுக்கறேன். நீங்க கையெழுத்துப் போட்டுருங்க.”

சுத்தமான வேலை

நான் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். ஜன்னலின் அந்தப் பக்கம் அவள் நின்றாள். கோட்டு பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தது. அப்படித் தெரியக் கூடாது. ஈய ஆக்சைடு நிறையக் கலந்த கண்ணாடி லேசாக மஞ்சள் அடிக்கும். அதன் வழியாக வெள்ளைத் துணியைப் பார்த்தால் வெண்ணெய் நிறத்தில் இருக்க வேண்டும். காலையிலிருந்து நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர ஜன்னலைப் பார்க்கவில்லை.

பழனிசாமியைக் கூப்பிட்டு, நான் கொடுத்த கண்ணாடி எங்கே என்று கேட்டேன். பாராட்டைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. “கடைக்காரன் உங்கள ஏமாத்திப்போட்டானுங்க சார். நொம்பப் பழைய கண்ணாடி, மஞ்சப் பூத்துப் போயிருந்துச்சு. தெறப்பு விழாவுக்கு நாலு பேரு வர்ற எடம், நல்லாருக்குமுங்களா? நானே சேலத்துல புதுசு வாங்கியாந்து மாத்திப்போட்டேன். நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லலீங்க.”

பொன்னிற வடை

பழைய கண்ணாடி வீணாகப் போகவில்லை. பாப்பாத்தியக்காவின் வடைப் பெட்டிக்கு முகப்புக் கண்ணாடி உடைந்திருந்தது. பழனிசாமி அதில் கச்சிதமாகப் பொருத்திக் கொடுத்திருந்தார். கடைக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளே பல்ப் எரிந்தது. காலையில் சுட்ட வடை, மாலை நேரத்திலும் அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த மாதிரி பொன்னிறமாக உட்கார்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கே ஒன்று வாங்கலாமா என்று தோன்றியது.

அக்கா தர மாட்டேன் என்றுவிட்டார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எந்த ஊர் நியாயம் என்றார். இந்தக் கண்ணாடி வந்த பிறகு டூரிஸ்ட் கார் எல்லாம் தானாக நிற்கிறதாம். ஈயம், ஆக்சைடு, கதிர் என்று நான் தொடங்கியபோது கரண்டியைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். என் பின்னால் வந்து நின்றிருந்த கலைச்செல்வியை அப்போதுதான் அக்கா பார்த்தார். இவளுக்கு ஏன் கண் கலங்கியிருக்கிறது என்று கேட்டார். இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கவேண்டியவள் இவள்தான், இது இல்லாவிட்டால் பழையபடி சேலம்தான் என்றேன். குனிந்து நிற்கிறேன் என்று அவள் சொன்னதையும் சொன்னேன்.

அக்கா வடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினார். பெட்டியைக் காலி செய்து, பழனிசாமி பக்கம் தள்ளினார். “கழட்டுங்க மேஸ்திரி. ஊரே நனையுதுன்னா அது வேற. இந்தப் புள்ளய மட்டும் மழைக்குள்ள நிக்க வெச்சுப்போட்டு, நான் குடைய வடைக்குப் புடிச்சுக்கிட்டிருக்கறதா?”

வெள்ளிக்கிழமை

பழனிசாமி கண்ணாடியை மாற்றிப் பொருத்தி, சட்டத்தின் இடுக்கில் ஈயத் தகடு வைத்து அடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் தானே துடைத்தார். புதுக் கண்ணாடி வடைப் பெட்டிக்குப் போனது. குடத்தை மறுபடி மேஜைமேல் ஏற்றினேன். மீட்டரை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். கலைச்செல்வி பக்கத்தில் வந்து முள்ளைப் பார்த்தாள். இயற்கையாக இருக்கிற டிக், டிக் மட்டும்தான் கேட்டது. முள் அசையவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாக, களத்தில் வழுக்கி விழுந்த எஸ்டேட் ரைட்டரே வந்தார். அவர் கையை மேஜையில் வைப்பதற்கு முன்பு, அறையைச் சுற்றிப்பார்க்க எல்லாரையும் உள்ளே விட்டார்கள். கலைச்செல்வி தன் இடத்தில், நேராக நிமிர்ந்து நின்றாள். ஜீப்காரன் குழந்தையைத் தூக்கி ஜன்னலில் காட்டினான். அது மூக்கைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்தது. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி கத்தியது. “அப்பா, அம்மா மஞ்சளா இருக்கு!”

இத்தனை வருடமாக இந்தத் துரு வியாபாரத்தில் நான் சாதித்ததெல்லாம் ஒரு முள்ளை அசையாமல் நிற்க வைத்தது மட்டும்தான் என்றாலும், அன்றைக்கு அதற்காக எனக்கு ஒரு வடை கிடைத்தது, சாதாரணக் கண்ணாடி வழியாகப் பார்த்ததில் அது கொஞ்சம் கருகித்தான் இருந்தது.