தொடாதே, விட்டுடு

எய்முதிஸ் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். லித்துவேனியாவில் எங்கள் சமோகிதியாப் பக்கத்து ஆட்கள் எல்லாருமே வாயைத் திறக்க யோசிப்பவர்கள்தான். இவர் அவர்களிலும் ஒரு படி மேல். அவர் மனைவி வில்யா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து மூன்றாம் வரிசையில் உட்காருவார். அவருக்குக் கூடைப்பந்தே பிடிக்காது. பிறகு ஏன் வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"என் புருஷன் பேசறதைக் கேக்க வேற இடம் ஏது?" என்றார்.

ஆடுகளத்தில் அவர் வாய் ஓயவே ஓயாது. எங்கள் அணியின் சென்டர் அவர். உயரம் இரண்டு மீட்டரும் ஏழு சென்டிமீட்டரும். ஓர் ஆட்டத்துக்கு நாலு புள்ளி எடுத்தால் பெரிய விஷயம். ஆனால் நாங்கள் தடுத்தாடும்போது கூடைக்கு அடியில் நின்றுகொண்டு, முன்னால் இருக்கும் நாலு பேருக்கும் அவர்தான் கண். பந்து வைத்திருப்பவனை மார்புக்கு மார்பு மறித்து ஓடுவது என் வேலை. என் முதுகுக்குப் பின்னால் நடப்பது எனக்கு எப்படித் தெரியும்? எதிரணிக்காரன் ஒருவன் சத்தமில்லாமல் வந்து கம்பம் மாதிரி குறுக்கே நிற்பான். ஸ்கிரீன் என்பார்கள். முழு வேகத்தில் போய் மோதினால் விலா எலும்பு போய்விடும்.

அப்போது பின்னாலிருந்து "இடது, இடது" என்று குரல் வரும். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், உடம்பு தானே ஒதுங்கிக்கொள்ளும். "மாத்து" என்றால் ஆளை மாற்றிக்கொள்வோம். "நான் இருக்கேன்" என்றால் தைரியமாகப் பந்தைப் பறிக்கப் பாயலாம். ஒன்பது வருஷம் அந்தக் குரலை நம்பி ஓடினேன், ஒரு நாளும் அது என்னைக் கைவிட்டதில்லை. மறுநாள் பேப்பரில் யார் எத்தனை புள்ளி, எத்தனை ஃபவுல் என்று கட்டம் கட்டமாகப் போடுவார்கள். கத்தியதற்கு மட்டும் கட்டம் கிடையாது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கடைசி நொடிகளுக்கென்றே அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. நாங்கள் நல்ல முன்னிலையில் இருப்போம். தோற்றுக்கொண்டிருப்பவன் ஆவேசமாகக் கூடையை நோக்கி ஓடி வருவான். அவனை மறிக்கப் போய் மேலே பட்டுவிட்டால் ஃபவுல். கடிகாரம் நின்றுவிடும், அவனுக்கு உயிர் வந்துவிடும். அவன் இரண்டு புள்ளி எடுத்துக்கொண்டு போகட்டும், நமக்கு நேரம் ஓடினால் போதும். அதனால் எய்முதிஸ் "தொடாதே, விட்டுடு" என்று கத்துவார். நாங்கள் எல்லாரும் கையைத் தொங்கவிட்டு ஒதுங்குவோம். அந்த வாக்கியம் எங்களைக் காப்பாற்றிய ஆட்டங்களுக்கு எண்ணிக்கையே இல்லை.

2009 ஏப்ரலில் லீக்கின் கடைசி இடத்தில் நாங்கள் இருந்தோம். எங்களுக்கு ஒரே ஒரு வெற்றி மேலே கடற்கரை ஊர்க்காரர்கள். கடைசியில் நிற்கும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும், இறங்கினால் கிளப்பையே மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. கடைசி ஆட்டம் அவர்களோடுதான், எங்கள் ஊரில். ஆனால் வெறுமனே ஜெயித்தால் போதாது. ஜெயித்தால் வெற்றிகள் சமமாகும்; அப்போது இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அவர்கள் ஊரில் ஏழு புள்ளியில் தோற்றிருந்தோம். இங்கே எட்டுப் புள்ளி வித்தியாசமாவது வேண்டும்.

அந்த வாரம் ஊர் முழுக்க இதே பேச்சுதான். ரொட்டிக் கடைக்காரி நான் கேட்காமலே எட்டு ரொட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். பயிற்சியாளர் ப்ரோன்யுஸ் உடை மாற்றும் அறைக் கதவில் சாக்கட்டியால் ஆள் உயரத்துக்கு எட்டு என்று எழுதி வைத்தார்.

ஆட்டம் முடிய இருபது நொடி இருந்தபோது ஆறு புள்ளி முன்னிலை, பந்து எங்களிடம். வேறு எந்த நாளாக இருந்தாலும் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கழித்திருப்போம். அன்று முன்னிலையில் இருந்துகொண்டே தோற்பவர்கள் மாதிரி ஓடினோம். எய்முதிஸ் வந்து என்னைத் துரத்தியவனுக்குக் குறுக்கே சுவராக நின்றார். நான் அவர் தோளை உரசியபடி சுற்றிப் போய்ப் பந்தைக் கூடைக்குள் போட்டேன். 78-70. சரியாக எட்டு. அரங்கம் இடிந்து விழும் போல இருந்தது.

அவர்கள் டைம் அவுட் கேட்டார்கள். மீதி நாலு நொடி.

"ஃபவுல் வேண்டாம். அதே சமயம் ஒருத்தனுக்கும் வழி விடக் கூடாது. கையை மேல தூக்கி மறிச்சு நில்லுங்க, போதும்," என்றார் ப்ரோன்யுஸ். எய்முதிஸ் தலையாட்டினார். அவருக்கு அப்போது முப்பத்தேழு வயது. அன்று கடைசிக் கால்பகுதி முழுக்க உட்காராமல் ஆடியிருந்தார்.

பந்து என் ஆளுக்கு வந்தது. "வலது," என்றது குரல். ஸ்கிரீனைத் தாண்டி நழுவி மறுபடி அவன் முன்னால் வந்துவிட்டேன். அவன் உள்ளே பாய்ந்தான். என் கால்கள் சரியான இடத்தில் இருந்தன. அப்படியே நின்றால் போதும், அவன் கோணலாகத்தான் எறிந்திருக்க முடியும்.

"தொடாதே, விட்டுடு," என்று பின்னாலிருந்து கேட்டது.

நான் ஒதுங்கினேன். பந்து உள்ளே போனது. மணி அடித்தது.

78-72. பலகையைப் பார்த்த ஜனங்கள் வழக்கம் போல எழுந்து கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். எய்முதிஸ் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "முடிச்சுட்டோம்டா," என்றார் காதோரம். பிறகு எதிரணிக்காரர்கள் குதிப்பதைப் பார்த்தார். ப்ரோன்யுஸ் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். என் தோளில் கிடந்த அவர் கை கனத்துக்கொண்டே போனது. கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

யார் விடச் சொன்னது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். "நான்தான்," என்றார். பக்கத்திலேயே நின்றிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் எட்டு எனக்கு மறக்கவில்லை. தெரிந்துதான் ஒதுங்கினேன். அந்தக் குரல் சொன்னால் செய்வது என்று ஒன்பது வருஷமாக உடம்பு பழகியிருந்தது. இதை யாரிடமும் சொல்லாமல் மூன்று வருஷம் ஓட்டினேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் எதற்கு?

அந்தக் கோடையிலேயே கிளப்பை மூடினார்கள். எய்முதிஸ் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டப் போனார். அவர் ஒரு பெட்டியைத் தூக்கப் போனால், "தொடாதே, விட்டுடு" என்று யாராவது குரல் கொடுப்பார்களாம். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாராம்.

ஒருநாள் வில்யா சந்தையில் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தப் பத்து வார்த்தையும் நின்னுபோச்சு, கெஸ்தஸ். உப்பு வேணும்னாலும் கையைத்தான் நீட்டறார். உங்க ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போ. ஒரே ஒரு தடவை கத்த வச்சுடு."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பள்ளிக்கூட அரங்கில் பழைய ஆட்டக்காரர்கள் நாங்கள் ஆடுவோம். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்காமல் வந்தார், பழைய காலணியோடு. வில்யா ஓரத்துப் பெஞ்சில் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எய்முதிஸ் தன் இடத்தில், கூடைக்கு அடியில், என் முதுகுக்குப் பின்னால் நின்றார். பத்து நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. இப்போது கத்துவார், இப்போது கத்துவார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டே ஓடினேன்.

குரல் வரவில்லை. ஸ்கிரீன்தான் வந்தது. நூறு கிலோ ஆள் ஒருவர் மேல் முழு வேகத்தில் மோதி விழுந்தேன். விலாவில் ஏதோ முறிந்தது எனக்கே கேட்டது.

எய்முதிஸ் குனிந்து என் தலைக்கடியில் கை கொடுத்தார்.

"அவர் குறுக்கே வந்ததைப் பாத்தீங்களா அண்ணே?" என்றேன்.

"பாத்தேன்."

பழியில் பாதியை நான் வாங்கிக்கொண்டால் அவர் பாரம் குறையும் என்று நினைத்தேன். மூச்சுவிடும் வலியோடு சொல்லிவிட்டேன். "அன்னிக்கு எட்டு எனக்கு ஞாபகம் இருந்துச்சு. தெரிஞ்சேதான் ஒதுங்கினேன்."

"தெரியும். கட்டிப்பிடிச்சப்ப நீ சிரிக்கல."

அதற்குள் மற்றவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். என்னை உட்கார வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "தப்புன்னு தெரிஞ்சும் நான் சொன்னேன்னு செஞ்சியேடா. இனிமே என் வாயால யாரும் எதையும் செய்ய வேண்டாம்."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் கடைசி. ஓரத்தில் இருந்த வில்யாவுக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.