மாநிறத்துக்கு என்ன செட்டிங்?

திருச்சி ஜங்ஷனை விட்டுப் பாசஞ்சர் வண்டி நகர்ந்தபோது காலை ஆறரை மணி. 2007 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. விருத்தாசலத்துக்கு டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய், தூரம் நூற்றிருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. என் மடியில் ஒரு கேமராப் பை. என் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவும், தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் போலிருந்த அதன் கையேடும் அதற்குள் இருந்தன. கேமராவின் தலையில் ஒரு சக்கரம் உண்டு. அதில் பச்சைக் கட்டம் என்றால் ஆட்டோ. பொத்தானை அமுக்கினால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். வந்த நாளிலிருந்து நான் அந்தப் பச்சைக் கட்டத்தை விட்டு நகர்ந்ததில்லை.

இந்த லட்சணத்தில்தான் என்னை நம்பி ஒருத்தி கூப்பிட்டிருந்தாள். பிலோமினா, கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழி. அவள் கணவர் அந்தோணி செராமிக் டிப்ளமோ படித்தவர். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் வரிசையாக இருக்கும் பகுதியில் அவருக்கும் ஒரு சின்ன ஷெட் உண்டு. சோறு போடுவது ஃபியூஸ் கட்டைகள். ஆனால் மனசு முழுக்கக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளில். சென்னையில் கோயில் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்காரர், பொம்மைகளின் போட்டோவைத் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் காட்டினால் இந்த வருட ஆர்டரைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருந்தார். "இந்தத் தடவயும் ஆர்டர் வரலன்னா பொம்மய வுட்டுடறேன்னு சொல்லிட்டாருடி. வெறும் ஃபியூஸ் கட்டதானாம்" என்று பிலோ போனில் சொன்னபோது அவள் குரல் எனக்குப் பழக்கப்பட்ட குரலாக இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கையேட்டைப் பிரித்தேன்.

லால்குடி தாண்டியதும் சக்கரத்தைத் திருப்பிப் பார்க்கத் துணிவு வந்தது. ஷட்டரின் வேகத்தைக் குறைத்தால் ஜன்னலுக்கு வெளியே பனைமரங்கள் பச்சைக் கோடுகளாக இழுபட்டன. கூட்டினால் ஒவ்வொரு மட்டையும் தனித்தனியாக நின்றது. இவ்வளவுதானா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அரியலூரில் கொய்யாக் கூடையோடு ஏறிய அம்மா எதிர் இருக்கையில் உட்கார்ந்து, பேப்பரில் போடவா எடுக்கிறேன் என்று விசாரித்தார். இல்லை, பழகுகிறேன் என்றேன். அப்படியானால் தன்னை வைத்துப் பழகச் சொல்லி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். எடுத்துக் காட்டினேன். பின்னால் ஜன்னல் வெளிச்சம், முகம் ஒரே இருட்டு. "நான் இம்மாங் கருப்பாவா இருக்கறேன்?" என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் ஐந்து ரூபாய்க்கு நாலு கொய்யா வாங்கிச் சமாதானம் செய்துகொண்டேன்.

ஒன்பதேகாலுக்கு விருத்தாசலம். ஜங்ஷன் வாசலில் பிலோ ஸ்கூட்டியோடு நின்றாள். ஏழு வருடத்தில் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள், அது அவளுக்கு நன்றாகவே இருந்தது. என்னை விசாரிப்பதற்கு முன்பே கேமராப் பையை வாங்கிக்கொண்டாள். ஊருக்குள் போகாமல் நேரே பட்டறைப் பக்கம் வண்டியைத் திருப்பினாள். மணிமுத்தாற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். மணல் இருக்கிறது என்றாள்.

அந்தப் பகுதியில் எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை. காயவைத்த ஜாடிகள், விளக்குகள், ஃபியூஸ் கட்டைகள், கூரை ஓட்டில் படிந்த தூசு, சைக்கிள் சீட்டு எல்லாமே வெள்ளை. அந்தோணி அண்ணன் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க வசந்தி, சாப்டாச்சா?" என்று கேட்டார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வராது. பிலோதான் அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள். இட்லி சாப்பிட்டுவிட்டு வேலையில் இறங்கினோம்.

முதல் நாள் எடுத்தது வெள்ளைப் பொம்மைகளை. சிறகு வைத்த சம்மனசுகள், ஆடுகள், புறாக்கள். வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் நிற்கவைத்தோம். பச்சைக் கட்டத்தில் வைத்தால் ஃபிளாஷ் தானாகத் துள்ளி எழுந்து ஒவ்வொரு சம்மனசின் நெற்றியிலும் ஒரு பல்பை எரியவிட்டது. ஃபிளாஷை அணைத்து எடுத்தால் எல்லாம் சாம்பல் நிறம். வேட்டி ஒரு மாதம் துவைக்காததுபோல் இருந்தது. பிலோ திரையை எட்டிப் பார்த்து, கேமராவுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டதா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கையேட்டைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தேன்.

கையேடு எழுதியவருக்கு வாசகர்மேல் கருணை கிடையாது. ஆனாலும் ஒரு பக்கத்தில் விஷயம் இருந்தது. கேமராவைப் பொறுத்தவரை உலகத்தில் எல்லாமே நடுத்தரமான சாம்பல். வெள்ளையைக் காட்டினால், இவ்வளவு வெளிச்சம் ஆகாது என்று பயந்து அதைச் சாம்பலாகக் குறைத்துவிடும். அதனால் வெள்ளையை எடுக்கும்போது நாமே ஒரு படி வெளிச்சம் கூட்டிக் கொடுக்கவேண்டும். கூட்டல், கழித்தல் போட்ட சின்னப் பொத்தானை அமுக்கிப் பிளஸ் ஒன்று வைத்தேன். அடுத்த படத்தில் சம்மனசுகள் பால்போல் நின்றன. பிலோ என் கன்னத்தைக் கிள்ளிவிட்டாள். அந்தோணி அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்து, நல்லா இருக்குது என்றார். சாயங்காலம்வரை எடுத்துத் தள்ளினேன். என் வாழ்நாளில் ஒரு இயந்திரம் என் பேச்சைக் கேட்டது அன்றுதான்.

ஞாயிறு காலை அவர்களோடு கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து கறிக்குழம்புச் சாப்பாடு. பிறகு முக்கியமான படம், குடில் செட். இதுதான் கடைக்காரருக்குக் காட்டவேண்டியது. மாதாவின் கணவர் சூசையப்பரும் இடையர்களும் மூன்று ராஜாக்களும் வழக்கமான வெள்ளை முகத்தோடு இருந்தார்கள். மாதாவும் குழந்தை ஏசுவும் மட்டும் மாநிறம். வெயிலில் நின்று வந்த ஒரு பெண்ணின் நிறம் எப்படியோ அப்படி, உயிருள்ள நிறம். பீங்கானில் அப்படியொரு நிறத்தை நான் பார்த்ததில்லை. அந்த நிறம் சூளையில் ஒருமுறை சிவந்தும் ஒருமுறை கருகியும் இரண்டு வருடம் அவரை அலைக்கழித்தது என்று பிலோ சொன்னாள். அவளுடைய கருநீலப் பட்டுப்புடவையைப் பின்னால் தொங்கவிட்டு, மாதாவைக் கிட்டத்தில் வைத்துப் பல படம் எடுத்தேன். வெயிலில் கேமராத் திரை சரியாகத் தெரியவில்லை. நேற்று வந்ததுபோல் வரும் என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் கடைவீதியில் ஒரு ஸ்டூடியோவில் கேமராவின் கார்டைக் கொடுத்தோம். ஒரு பிரிண்ட் ஐந்து ரூபாய். ஸ்டூடியோக்காரர் பெயர் செல்வம். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களில் மாப்பிள்ளைகள், பெண்கள், மாமன்மார் எல்லோரும் ஒரே கோதுமை நிறம். ஒரு மணி நேரத்தில் கவர் வந்தது. வீட்டில் பிரித்தால், சம்மனசுகள் அழகாக இருந்தன. மாதா கோலமாவைப் பூசிக்கொண்டவள்போல் வெளுத்துக் கிடந்தாள்.

பிலோ முதலில் சிரித்தாள். அந்தோணி அண்ணன் படத்தை வாங்கி விளக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சூளையைப் பார்த்துட்டு வரேன் என்று வெளியே போனார். பிலோவின் சிரிப்பு நின்றுவிட்டது. சூளையில இன்னிக்கு நெருப்பே இல்லடி என்றாள்.

நான் நேராக ஸ்டூடியோவுக்குப் போய்ச் சண்டை போட்டேன். செல்வம் பதற்றப்படாமல் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து காட்டினார். "நீங்க குடுக்கும்போதே வெளுப்பாதான் இருந்துச்சுங்க. நான் வழக்கம்போல முகத்துக்கு இன்னும் கொஞ்சம் ஏத்தி வுட்டேன். லேடீஸ் முகம்னா அத செய்யாம குடுத்தா யாரும் வாங்க மாட்டாங்க" என்றார். படத்தின் ஓரத்தில் நான் வைத்த அளவுகள் இருந்தன. பிளஸ் ஒன்று. சனிக்கிழமை வெள்ளைக்காக வைத்ததை எடுக்க மறந்திருக்கிறேன். போதாததற்குப் பின்னால் கருநீலப் பட்டு. இருட்டைக் கண்டால் கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். அது கூட்டியது ஒன்று, நான் கூட்டியது ஒன்று, செல்வம் கூட்டியது ஒன்று. மூன்று பேருமாகச் சேர்ந்து மாதாவை வெள்ளைக்காரியாக்கிவிட்டோம். தெருவில் நடந்து திரும்பும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஷெட் வாசலில் மறுபடி கருநீலப் பட்டைக் கட்டினோம். அந்தோணி அண்ணன் பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பவேண்டும். பொத்தானைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். அப்போதும் வெளுப்பு. மைனஸில் இறக்கினேன். இப்போது சரியா, அதிகமாகக் கறுத்துவிட்டதா? இரண்டங்குலத் திரையைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நிறம் எனக்குப் பழகிய நிறம் இல்லையே.

அந்தோணி அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பிலோவ பக்கத்துல உக்கார வையுங்க. அவ கலரு சரியா வந்துச்சுன்னா மாதா கலரும் சரியா வரும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நிறத்துக்காகப் பீங்கான் மண்ணைச் சின்னச் சின்ன வில்லைகளாகச் செய்து சுட்டுப் பார்ப்பார்களாம். ஒவ்வொரு தடவை சூளை திறந்ததும் வில்லைகளை வீட்டுக்கு எடுத்து வந்து, அவள் தூங்கும்போது அவள் கைமேல் வைத்துப் பார்ப்பாராம். எது கைமேல் வைத்ததும் காணாமல் போனதோ அதுதான் மாதாவின் நிறம். இரண்டு வருடமாக அவளுக்கு இது தெரியாது.

பிலோ நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தலைகூட வாராமல் டீத் தம்ளரோடு நின்றிருந்தாள். "நைட்டியோடவா?" என்று மட்டும் கேட்டாள். முகம் போதும் என்று உட்காரவைத்தேன். எனக்கு அந்த முகம் தெரியும். மூன்று வருடம் தினமும் விழித்த முகம். திரையில் அந்த முகம் என் பிலோவாக வரும்வரை இறக்கினேன். மைனஸ் ஒன்றில் வந்தாள். பக்கத்தில் மாதாவும் வந்துவிட்டாள். பிலோவை எழுப்பிவிட்டு, அதே அளவில் குடிலை முழுவதும் எடுத்தேன்.

எட்டரைக்குச் செல்வம் கடையைத் திறக்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம். எதையும் ஏற்றாமல், இருப்பதை இருப்பதுபோலவே பிரிண்ட் போடச் சொன்னேன். தன் தொழிலில் இப்படி யாரும் கேட்டதில்லை என்றார். போட்டுக் கொடுத்தார். ஆனால் படத்தின் பின்பக்கம் தன் ஸ்டூடியோ முத்திரையைக் குத்த மறுத்துவிட்டார். பெயர் கெட்டுவிடுமாம்.

அந்தோணி அண்ணன் கவரோடு பஸ் ஏறினார். நான் மதியம் பாசஞ்சரில் திரும்பினேன். திருச்சியில் எனக்குப் பெரிய வீடு, நல்ல வேலை, நல்ல கணவர். தூங்கும்போது என் கையில் யாராவது எதையாவது வைத்துப் பார்த்திருப்பார்களா என்று பெண்ணாடம்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புதன்கிழமை பிலோவின் போன் வந்தது. எடுத்ததும் திட்டினாள். கார்டில் இருந்ததையெல்லாம் செல்வம் பிரிண்ட் போட்டுவிட்டார், நைட்டியும் துண்டுமாக அவள் மாதாவோடு உட்கார்ந்திருந்த படமும் கவரில் சென்னைக்குப் போய்விட்டது. கடைக்காரர் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்து அதில் நின்று, இந்த அம்மா யார் என்று கேட்டிருக்கிறார். அந்தோணி அண்ணன் வாயைத் திறந்து, என் வூட்டுக்காரங்க, கலரு அவங்களோடது என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் அந்தப் படத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாராம்.

"அப்புறம் என்னடி சொன்னாரு?" என்றேன்.

"பத்து செட்டு எடுத்துக்கறேன்னாரு. ஆனா மாதா நம்மூரு பொண்ணா இருக்கறப்ப சூசையப்பரு ஏன் வெளியூரு ஆளு மாதிரி வெள்ளையா இருக்காருன்னு கேட்டுட்டாரு. அவரையும் கலர்ல போட்டாத்தான் ஆர்டராம்" என்றாள்.

"இனிமேல் இன்னும் இரண்டு வருஷம் கலர் தேடணுமா?"

"எதுக்கு? என் கைக்கு ஒத்துவரலன்னு இவரு ஒதுக்கி வெச்ச வில்லையெல்லாம் ஒரு டப்பா நெறய இருக்குது. இப்ப இவரு சட்டையக் கழட்டிட்டு உக்காந்திருக்காரு. ஒண்ணொண்ணா எடுத்து இவரு தோள்ல வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஆடாம இருங்கன்னா சிரிக்கறாருடி."