தெஸ்பாயின் ஓட்டமும் எங்கள் தண்ணீர்ப்பந்தலும்

இந்த நாட்டில் யாரும் துரத்தாமலே ஆட்கள் ஓடுகிறார்கள். எம்மன்புரூக்கே என்ற இந்த ஐரோப்பிய நகருக்கு வந்த புதிதில் எனக்கு அது பெரிய புதினம். ஊரில் நாங்கள் ஓடினால், பின்னால் ஆமிக்காரன் வருகிறான் என்று அர்த்தம். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த எரித்திரியா நாட்டுத் தெஸ்பாயும் தினமும் ஓடுவார். வெள்ளைக்காரர் ஓடினால் அது உடற்பயிற்சி. கறுப்பரான அவர் ஓடினால் பொலிஸ் மறித்து, எதைக் களவெடுத்தாய் என்று கேட்கும்.

இங்குள்ள ஓட்டக் கழகம் அவரை "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று இழுத்தடித்தே வந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில்தான் சேர்த்தார்கள். அந்தக் கழகத்தின் சட்டையோடு ஓடப்போகும் முதல் கறுப்பு மனிதர் அவர்தான். "நான் ஒரு பிழை விட்டால் போதும். எனக்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒருவரையும் எடுக்கமாட்டார்கள்" என்று, எங்கள் இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னார்.

அவருடைய முதல் ஓட்டப் போட்டி எங்கள் வீட்டு வாசலால் பல சுற்றுப் போகும். அன்று நல்ல வெயில். தேர்த் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டுப் பழகிய குடும்பம் எங்களுடையது. முருகனைக் கும்பிட்டுவிட்டு, தேசிக்காய் பிழிந்து, சீனி போட்டு, வாளி நிறையத் தண்ணீர் கரைத்து வீதியோரம் வைத்தேன். தெஸ்பாய் எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தார். நான் குவளையை நீட்டப்போக, போட்டியைக் கண்காணிக்க நின்ற அதிகாரி மறித்தார்.

"நைன், கூடாது. உன் ஆளுக்கு மட்டும் நீ கொடுத்தால் அவனைப் போட்டியிலிருந்து நீக்கவேண்டி வரும்."

தெஸ்பாய் காய்ந்த உதட்டோடு கடந்து போனார்.

"இஞ்சாருங்கோ, வாளியை உள்ளுக்கு எடுங்கோ. அந்த மனுசன்ரை ஓட்டத்தைக் கெடுத்துப் போடாதேங்கோ" என்றாள் மனைவி.

"கொஞ்சம் பொறும். தண்ணீர்ப்பந்தலிலை ஆள் பாத்தோ குடுக்கிறது? வாற எல்லாருக்கும் குடுப்பம்."

"எல்லாருக்குமோ? வீட்டிலை சீனியும் முடியப்போகுது. உங்கடை முருகனைக் கொண்டுவரச் சொல்லுங்கோ" என்றபடி அடுத்த வாளி கரைக்க உள்ளே போனாள்.

பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் முதலில் தயங்கினார்கள். ஒருவர் வாங்கிக் குடித்தார். பிறகு வந்தவர்களும் கை நீட்டினார்கள். வெயிலில் நின்ற அதிகாரிக்கும் ஒரு குவளை கொடுத்தேன். அவரும் குடித்தார்.

அடுத்த சுற்றில் தெஸ்பாய் வந்தபோது குவளையை நீட்டினேன். அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் என்றால் சரி" என்று விலகி நின்றார். தெஸ்பாய் குடித்தார்.

அவர் இரண்டாவதாக வந்தார். ஒலிபெருக்கியில் "எங்கள் தெஸ்பாய்" என்று அறிவித்தார்கள். சனம் கைதட்டியது. நான் ஆண்டவனை நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் பஸ்ஸில் நானும் தெஸ்பாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். எங்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்த ஓட்டக்காரர் ஒருவர் ஏறினார். எங்களைக் கண்டதும் சிரித்து, தெஸ்பாயின் கையைக் குலுக்கி வாழ்த்தினார். எங்களுக்கு எதிர் இருக்கை வெறுமையாகத்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொழிற்சாலை வரும்வரை நின்றபடியே வந்தார்.